உங்க ‘செல்’லுக்கு சிக்னல் கிடைக்குதா?

மிளகு இட்லியில் தொடங்கி, பட்டுப்பூச்சியின் காதல் வழியாக, அம்மாவின் மெடிக்கல் ரிப்போர்ட் வரை... காஞ்சிபுரத்தில் ஒரு ரிசெப்டார் ரவுண்ட்!

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, “இங்க என்ன ஸ்பெஷல்?”னு யாரைக் கேட்டாலும் மூணு பதில் ரெடியா வரும். கோயில், பட்டு, இட்லி. நாலாவதா ஒரு பதில் இருக்கு. அதை யாரும் சிரிச்சுக்கிட்டே சொல்ல மாட்டாங்க. காரப்பேட்டையில் இருக்கும் அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை!

இந்த நாலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீங்களா? நாலுக்குள்ளேயும் ஒளிஞ்சிருக்கிற ஹீரோ ஒருத்தர்தான். பயாலஜி புக்கில் ரெண்டு மார்க் கேள்வியா வந்துட்டுப் போயிடுவாரே, அதே ‘ரிசெப்டார்’. தமிழில் ‘ஏற்பி’. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிட்டு மறந்துட்ட ஆளை, வாங்க, ஊரைச் சுத்திக்கிட்டே நேர்ல சந்திப்போம்!

இட்லி கொடுத்த பொய்த் தகவல்!

வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதமான குடலை இட்லி சாப்பிட்டிருக்கீங்களா? பச்சரிசி, உளுந்தோட மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் போட்டு, மூங்கில் குடலையில் மந்தாரை இலை வெச்சு வேக வெப்பாங்க. நல்லா ஆறிப்போன இட்லியைக் கடிச்சாலும் நாக்கில் ‘சுர்’ருன்னு ஒரு சூடு. இட்லிதான் ஆறிடுச்சே, சூடு எங்கிருந்து வந்துச்சு?

விஷயம் இதுதான். அறுசுவை லிஸ்ட்டில் காரத்தையும் நாம சேர்த்து வெச்சிருக்கோம். ஆனா நாக்கில் இனிப்புக்கும் கசப்புக்கும் இருக்கிற மாதிரி காரத்துக்குன்னு தனி சுவை ரிசெப்டார் கிடையாது. காரம் என்பது சூட்டை உணரும் ரிசெப்டார் ஏமாந்துபோவதன் விளைவு! நம் நரம்பு முனைகளில் ‘டி.ஆர்.பி.வி-1’ என்று ஒரு புரதம் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இது கதவைத் திறந்து, ‘ஐயோ, சுடுது!’ என்று மூளைக்குத் தந்தி அடிக்கும். மிளகில் இருக்கும் பைப்பரின், மிளகாயில் இருக்கும் கேப்சைசின், சுக்கில் இருக்கும் ஷோகால் எல்லாமே இதே புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு, சூடே இல்லாமல் கதவைத் திறந்துவிடுகின்றன. மூளையும் அதை நம்பி வியர்வை, கண்ணீர், மூக்கு ஒழுகல்னு ஃபயர் சர்வீஸையே அனுப்பிடுது!

இந்தப் புரதத்தை 1997-ல் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் டேவிட் ஜூலியஸ். அதற்காக 2021-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 

சரி, மனுஷனைக் கதற வைக்கிற மிளகாயைக் கிளி மட்டும் எப்படி அசால்ட்டாக் கடிச்சு முழுங்குது? பறவைகளுக்கும் இந்த ரிசெப்டார் உண்டு. ஆனால் அதன் அமைப்பில் ஒரு சின்ன மாற்றம். கேப்சைசின் அதில் சரியாக ஒட்டாது. மிளகாயின் காரம் அப்படியேதான் இருக்கு. கேட்கிற காதுதான் இல்லை! கிளி ரசிச்சுச் சாப்பிடுது.

இந்தக் கிளியை ஞாபகத்தில் வெச்சுக்கோங்க. கடைசியில் ஆஸ்பத்திரிக்குள்ளே போகும்போது மறுபடி தேவைப்படும்.

தறி சொல்லும் பாடம்

ரிசெப்டார் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்க லேபுக்குப் போக வேண்டாம். பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணை போதும்.

தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அதில் ஓட்டை ஓட்டையாகப் போட்ட அட்டைகள் மாலை மாதிரி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும். அந்த ஊசியோடு சேர்ந்த கொக்கி மட்டும் பாவு நூலை மேலே தூக்கும். ஓட்டை இல்லையா... கொக்கி அசையாது. அட்டை, சேலைக்குள் போவதே இல்லை. அதன் ‘வடிவம்’ மட்டும்தான் கீழே அன்னப்பட்சியாகவும் மாங்காயாகவும் விழுகிறது.

செல்லிலும் இதே கதைதான். செல்லைச் சுற்றி எண்ணெய்ப் பசையான சவ்வு. வெளியே ரத்தத்தில் வரும் பெரும்பாலான தூதர்கள் அதைத் தாண்டி உள்ளே போக முடியாது. சவ்வில் பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாகச் செருகி நிற்கும் புரதம்தான் ரிசெப்டார். வெளிப்பக்கம் தூதர் வந்து பொருந்தியதும், புரதம் லேசாகத் திருகி வடிவம் மாறும். அந்த அசைவு உள்பக்கம் இன்னொரு புரதத்தை உசுப்பும். அது இன்னொன்றை... இப்படியே ‘பாஸ்’ ஆகி, கடைசியில் ஒரு ஜீன் ஆன் ஆகும், அல்லது ஒரு தசை சுருங்கும். தூதர் செல்லுக்குள் காலே வைக்கவில்லை. ஆனால் வேலை நடந்துவிட்டது!

ஈஸ்ட்ரோஜன் மாதிரி கொழுப்பில் கரையும் ஹார்மோன்கள் மட்டும் சவ்வைத் தாண்டி நேரே உள்ளே போகக்கூடியவை. அவற்றுக்கான ரிசெப்டார் செல்லுக்குள்ளேயே காத்திருக்கும். அந்த ஆளைப் பின்னாடி கவனிப்போம்.

ஒரே மூலக்கூறு... காதல் ஓகே!

இப்போ பட்டு மேட்டருக்கு வருவோம். பட்டுக்கூட்டை வெந்நீரில் போட்டு நூல் எடுக்கும்போதே உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவின் கதை முடிந்துவிடும். அதனால் தறி ஊரில் பிறந்து வளர்ந்தவர்களே பட்டுப்பூச்சியைப் பார்த்திருக்க மாட்டார்கள். முட்டை தயாரிக்கும் மையங்களில் மட்டும்தான் கூட்டைப் பிய்த்துக்கொண்டு பூச்சி வெளியே வர அனுமதி.

வெளியே வந்த பூச்சி பாவம்! ஆயிரக்கணக்கான வருஷமாக மனுஷன் வீட்டிலேயே வளர்ந்ததால் பறக்கத் தெரியாது. சாப்பிடவும் சாப்பிடாது. ஆயுசு சில நாள்தான். அதற்குள் ஜோடியைக் கண்டுபிடித்தாக வேண்டும். பெண் பூச்சி ஒரே இடத்தில் உட்கார்ந்து, வயிற்று நுனியிலிருந்து ஒரு வாசனையை அனுப்புகிறது. ஆண் பூச்சி இறக்கையைப் படபடவென அடித்துக்கொண்டு, வளைந்து வளைந்து நடந்து, நேராக அங்கே போய் நிற்கிறது!

அந்த வாசனை என்ன என்று கண்டுபிடிக்க ஜெர்மன் விஞ்ஞானி அடோல்ஃப் பூட்டெனாண்ட் சுமார் இருபது வருஷம் போராடினார். ஏறக்குறைய 5 லட்சம் பெண் பூச்சிகளைச் சேகரித்தும் கிடைத்தது சில மில்லிகிராம் மட்டுமே. 1959-ல் அதன் வேதி அமைப்பை வெளியிட்டார். பெயர், பாம்பிகால். பட்டுப்புழுவின் அறிவியல் பெயரான பாம்பிக்ஸ் மோரியிலிருந்து வந்த பெயர் அது. உலகில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட ‘பெரமோன்’ இதுதான். பெரமோன் என்ற வார்த்தையே அந்த வருஷம்தான் பிறந்தது!

ஆண் பூச்சியின் உணர்கொம்பு சீப்பு மாதிரி இருக்கும். அதன் நுண்ணிய ரோமங்களுக்குள் இருக்கும் நரம்பு செல்லைத் தட்டியெழுப்ப, பாம்பிகாலின் ஒரே ஒரு மூலக்கூறு போதும் என்று பின்னாளில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்த மூலக்கூறைப் பிடிக்கும் ரிசெப்டாரை 2004-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். பெயர் ‘பி.எம்.ஓ.ஆர்-1’.

க்ளைமாக்ஸ் 2011-ல் நடந்தது. ஜப்பான் குழு ஒரு குறும்பு செய்தது. முட்டைக்கோஸைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சி என்று ஒன்று இருக்கிறதே, அதன் பெரமோன் ரிசெப்டாரை எடுத்து, பட்டுப்பூச்சி ஆணின் அதே நரம்பு செல்லில் வைத்தார்கள். விளைவு? பட்டுப்பூச்சி ஹீரோ, முட்டைக்கோஸ் பூச்சியின் வாசனையைக் கேட்டதும் இறக்கை அடித்து டூயட் பாட ரெடி! மூளையை யாரும் தொடவில்லை. மாற்றியது ஒரே ஒரு ரிசெப்டார். ‘யாரைப் பிடிக்கும்’ என்பதே மாறிப்போச்சு.

இது வெறும் வேடிக்கையில்லை பாஸ். வயலில் விவசாயிகள் கட்டித் தொங்கவிடுகிற ‘இனக்கவர்ச்சிப் பொறி’ இதே அறிவின் குழந்தைதான். பெண் பூச்சியின் வாசனையைச் செயற்கையாக வைத்து, ஆண் பூச்சியைப் பிடித்துப் போடுகிறார்கள். இட்லி மிளகு நம்மை ஏமாற்றிய அதே டெக்னிக்!

மல்லிகைப்பூவும் மல்பெரி இலையும்

பட்டுப்புழு மல்பெரி இலையைத்தான் தின்னும்னு மூணாம் கிளாஸ்லயே படிச்சிருக்கோம். ஏன்னு யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?

முதல் காரணம் வாசனை. மல்பெரி இலையிலிருந்து வரும் ‘சிஸ்-ஜாஸ்மோன்’ என்ற பொருள் புழுவை இழுக்கிறது. அதற்கென்றே கச்சிதமாகச் செய்த மாதிரி ஒரு ரிசெப்டார் புழுவிடம் இருப்பதை 2009-ல் கண்டுபிடித்தார்கள். ஜாஸ்மோன் என்ற பெயரைப் பார்த்ததும் பொறி தட்டுதா? யெஸ்! மல்லிகையின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். பட்டுச் சேலைக்கு மேட்ச்சா அக்கா தலையில் வெச்சுக்கிற மல்லிகை வாசனையிலும் இந்தப் பொருள் உண்டு!

ரெண்டாவது காரணம் கசப்பு. புழுவின் வாயில் ‘ஜி.ஆர்-66’ என்றொரு சுவை ரிசெப்டார். அந்த ஜீனை முடக்கிவிட்டுப் பார்த்தார்கள் சீன விஞ்ஞானிகள். 2019-ல் வெளியான அந்த ஆய்வில், மல்பெரியைத் தவிர எதையும் தொடாத புழு, ஆப்பிள், பேரிக்காய், சோயா என்று கிடைத்ததையெல்லாம் வெளுத்துக் கட்டியது! ஆயிரக்கணக்கான வருஷத்துப் பத்தியம் ஒரே ரிசெப்டாரில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

சரி, இலை சும்மா இருக்குமா? செடிக்கு மூளை இல்லை, நரம்பு இல்லை. ஓடவும் முடியாது. அதனால்தானோ என்னவோ, ரிசெப்டார் விஷயத்தில் செடிகள் பெரும் பணக்காரர்கள். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில், ‘ரிசெப்டார் கைனேஸ்’ என்ற ஒரே வகையில் மட்டும் 600-க்கு மேல் இருக்கின்றன.

புழு இலையைக் கடித்ததும் செடிக்குள் ‘ஜாஸ்மோனேட்’ என்ற ஹார்மோன் சுரக்கிறது. சிஸ்-ஜாஸ்மோனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இதன் ஒரு வடிவம் 1962-லேயே மல்லிகை எண்ணெயில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் இதைப் பிடிக்கும் ரிசெப்டார் ‘சி.ஓ.ஐ-1’தான் என்பது தெரிய 2007-க்குப் பிறகு ஆகிவிட்டது. ஹார்மோன் வந்து பொருந்தியதும், பாதுகாப்பு ஜீன்களைப் பூட்டி வைத்திருக்கும் புரதங்கள் அழிக்கப்படுகின்றன. பூட்டு போனதும் ஆயுத உற்பத்தி ஸ்டார்ட்!

மல்பெரியின் பாலில் சர்க்கரை மாதிரியே நடிக்கும் நச்சுப் பொருள்கள் இருக்கின்றன. வேறு புழுக்கள் அந்த இலையைத் தின்றால் வளராது, செத்தும் போகும். பட்டுப்புழு மட்டும் அதற்குத் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொண்டது. மல்பெரி இலை பட்டுப்புழுவுக்கு விருந்து என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு யுத்தத்தில் பட்டுப்புழு ஜெயித்துக் கைப்பற்றிய கோட்டை!

நெல்லிலும் இதே சண்டை உண்டு. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரிப் பாசன வயல்களில் யாரையாவது கேளுங்கள், ‘பாக்டீரியா இலைக்கருகல்’ என்றால் முகம் சுருங்கும். இந்தக் கிருமியை அடையாளம் கண்டு அலாரம் அடிக்கும் ‘எக்ஸ்.ஏ-21’ என்ற ரிசெப்டாரின் ஜீன் ஒரு காட்டு நெல்லிலிருந்து வந்தது. அமெரிக்காவின் பமீலா ரொனால்ட் குழு 1995-ல் அதைப் பிரித்தெடுத்துக் காட்டியது. ஹைதராபாத் விஞ்ஞானிகள் இதோடு இன்னும் இரண்டு எதிர்ப்பு ஜீன்களைச் சேர்த்து, சாதாரண ஒட்டுச் சேர்க்கை முறையிலேயே சம்பா மசூரி ரகத்தை மேம்படுத்தி, 2008-ல் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். செடிக்கு ஒரு காது கூடுதலாக வைத்தால், வயல் பிழைக்கிறது!

பட்டுப்புழுவிலிருந்து அம்மா வரை

இப்போ மறுபடி பூட்டெனாண்டிடம் போகணும். மனுஷனுக்குப் பட்டுப்பூச்சி மேல் அப்படி என்ன கிறுக்கு?

1929-லேயே ஈஸ்ட்ரோன் என்ற பெண் ஹார்மோனைப் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் அவர். செக்ஸ் ஹார்மோன் ஆராய்ச்சிக்காகவே 1939-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பிறகு, 1954-ல் பீட்டர் கார்ல்சனோடு சேர்ந்து சுமார் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து வெறும் 25 மில்லிகிராம் அளவுக்கு ஒரு பொருளைப் பிரித்தார். பெயர் எக்டைசோன். புழு தோலுரிக்கவும், கூட்டுப்புழுவாக மாறவும் உத்தரவு போடும் ஹார்மோன். அதாவது, ‘தின்றது போதும், கிளம்பு!’ என்று சொல்லும் ஆசாமி.

இதுவும் இன்று நம்மூர் பட்டு வளர்ப்பில் பயன்படுகிறது. எக்டைசோன் போன்ற பொருள்களைச் சில செடிகளே தயாரிக்கின்றன. அவற்றிலிருந்து ‘சம்பூர்ணா’ என்ற மருந்தை மைசூரில் உள்ள மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. புழுக்கள் முதிரும் நேரத்தில் மல்பெரி இலையில் இதைத் தெளித்துக் கொடுத்தால், முன்னே பின்னே கூடு கட்டும் புழுக்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கும். விவசாயிக்கு வேலை மிச்சம்.

இனிதான் முக்கியமான திருப்பம். பின்னாளில் எக்டைசோனின் ரிசெப்டாரைப் பிரித்துப் பார்த்தபோது அதன் அமைப்பு விஞ்ஞானிகளுக்கு ஏற்கெனவே பழக்கமான முகமாக இருந்தது. மனிதர்களின் ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டாரும் அதுவும் ஒரே குடும்பம்! ரெண்டுமே செல்லுக்குள் இருந்துகொண்டு, ஹார்மோன் வந்ததும் நேரே டி.என்.ஏ-வில் ஜீன்களை ஆன் செய்கிற ரகம். புழுவைப் பூச்சியாக்கும் புரதமும், ஒரு சிறுமியைப் பெரியவளாக்கும் புரதமும் பங்காளிகள்!

அந்தப் பங்காளிதான் நம்மை காரப்பேட்டைக்குக் கூட்டிப்போகிறார்.

காது கெட்டால்... நோய்!

காஞ்சிபுரத்தில் 1909-ல் பிறந்த அண்ணா, 1968-ல் நியூயார்க் வரை போய் ஆபரேஷன் செய்துகொண்டும் பலனில்லாமல், 1969 பிப்ரவரி 3-ம் தேதி புற்றுநோயால் மறைந்தார். அவர் ஊரிலேயே, அவர் பெயரில் நிற்கிறது காரப்பேட்டை மருத்துவமனை. 

ரிசெப்டாரில் கோளாறு என்றால் மூணு வகையாகப் பிரிக்கலாம்.

ஒண்ணு, திருடன் நுழைவது. கொரோனா வைரஸ் நம் செல்லில் இருக்கும் ‘ஏ.சி.இ-2’ புரதத்தைப் பிடித்துத்தான் உள்ளே வந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு கண்டுபிடித்தது. அந்த எச்.ஐ.வி. பெரும்பாலும் நுழைவது ‘சி.டி-4’, ‘சி.சி.ஆர்-5’ என்ற ரெண்டு கைப்பிடிகளைப் பற்றி. பிறவியிலேயே ‘சி.சி.ஆர்-5’ இல்லாத சிலரை இந்த வைரஸால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை. மிளகாய்க்கு அசராத கிளி ஞாபகம் வருதா?

ரெண்டு, காது மந்தமாவது. டைப்-2 சர்க்கரை நோயில் ஆரம்பத்தில் இன்சுலின் தாராளமாகவே இருக்கும். இன்சுலின் தட்டினாலும் செல்லுக்குள் செய்தி சரியாகப் போகாது. நைட் ஃபுல்லா முழிச்சிருந்து, பரோட்டாவும் கூல் டிரிங்ஸுமா ஓட்டி, உடம்பே அசையாம இருக்கிற நம்ம செட்டுக்கு இது நேரடி வார்னிங்!

மூணு, காது அளவுக்கு மீறிக் கேட்பது. மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

1958 வாக்கில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன், கதிரியக்க அடையாளம் போட்ட ஈஸ்ட்ரோஜனை அனுப்பி, அது எங்கே போய் ஒட்டுகிறது என்று துரத்தினார். ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டார் மாட்டியது. உலக அளவில் மார்பகப் புற்றுக் கட்டிகளில் சுமார் 70 சதவீதம் இந்த ரிசெப்டாரை நம்பித்தான் வளர்கின்றன. ஈஸ்ட்ரோஜன் வந்து ‘வளரு’ என்று சொல்லச் சொல்ல, செல் பெருகிக்கொண்டே போகும்.

அப்போ அந்தக் காதைப் பொத்திட்டா? அதுக்குத்தான் டுபாக்கூர் சாவி! பூட்டில் நுழையும், ஆனா திறக்காது. அசல் சாவி உள்ளே வரவும் வழி விடாது. பரீட்சை நேரத்தில் நீங்க குடிக்கிற காபி இப்படித்தான் வேலை செய்யுது. தூக்கத்தைத் தூண்டும் அடினோசின் உட்கார வேண்டிய சீட்டில் கஃபீன் துண்டு போட்டு உட்கார்ந்துக்கும். 

மார்பகப் புற்றில் அந்த டுபாக்கூர் சாவியின் பெயர் டமாக்ஸிஃபென். 1960-களில் இங்கிலாந்தில் கருத்தடை மாத்திரையாகப் பிறந்து, அந்த வேலையில் ஃபெயில் ஆன மருந்து இது. அரியர் வெச்சவங்க எல்லாம் கவனிக்க! 1970-களில் புற்றுநோய் மருந்தாக மறுஜென்மம் எடுத்து, லட்சக்கணக்கான பெண்களைக் காப்பாற்றியிருக்கிறது. விலையும் ஏழைக்கு எட்டாத விலையில்லை. இதே ரிசெப்டாரைக் குறிவைத்து லக்னோ விஞ்ஞானிகள் உருவாக்கிய மருந்துதான், 1991-ல் ‘சஹேலி’ என்ற பெயரில் வந்த நம்மூர்க் கருத்தடை மாத்திரை.

ரிப்போர்ட்டில் மூணு வரி

இனி சொல்லப்போறது பரீட்சைக்கு இல்லை. வீட்டுக்கு.

வீட்டில் அம்மாவுக்கோ, அத்தைக்கோ, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கோ மார்பில் கட்டி. பயாப்சி எடுத்தாச்சு. ரிப்போர்ட் வந்ததும் அதைத் தூக்கிட்டு யாரிடம் வருவாங்க? காலேஜ் படிக்கிற உங்ககிட்டதான்! “இங்கிலீஷ்ல என்னவோ போட்டிருக்கான், படிச்சுச் சொல்லுப்பா.” அந்த நிமிஷம் முழிக்கக் கூடாது. அதில் மூணு வரியைத் தேடுங்க.

ஈ.ஆர். - இது ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டார். பாசிட்டிவ் என்று இருந்தால் பயப்படுகிற விஷயம் இல்லை. ஹார்மோன் மாத்திரை வேலை செய்ய வாய்ப்பு உண்டு என்று அர்த்தம்.

பி.ஆர். - இது புரோஜெஸ்டிரான் ரிசெப்டார். ஈ.ஆர். ரிசல்ட்டோடு சேர்த்து டாக்டர் இதைப் பார்ப்பார்.

ஹெர்-2 - இது செல்லின் மேல் நிற்கும் வளர்ச்சி ரிசெப்டார். மார்பகப் புற்றுகளில் ஏறக்குறைய ஆறில் ஒன்றில் இது அளவுக்கு மீறி முளைத்திருக்கும். அதைப் போய் மூடும் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்து அமெரிக்காவில் 1998-ல் வந்தது. விலையைக் கேட்டாலே மயக்கம் வரும். பெங்களூரு நிறுவனம் ஒன்று தயாரித்த இணை மருந்து 2014-ல் விற்பனைக்கு வந்த பிறகு இந்தியாவிலும் போட்டி வந்து, விலை இறங்கியது.

மூணுமே நெகட்டிவ் என்றால் ‘ட்ரிபிள் நெகட்டிவ்’. மேலை நாடுகளைவிட இந்தியப் பெண்களிடம் இது அதிகம். நெகட்டிவ் என்றதும் நல்ல செய்தின்னு நினைச்சு ரிலாக்ஸ் ஆகக் கூடாது. ஹார்மோன் மாத்திரைக்கு இங்கே வேலையில்லை, கீமோதெரபி, ஆபரேஷன் என்று வேறு ரூட்டில் போகணும்னு அர்த்தம். உடனே போகணும்.

ரிப்போர்ட்டில் இந்த வரிகளே இல்லையென்றால், “ரிசெப்டார் டெஸ்ட் பண்ணியாச்சா டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

இன்னொரு மேட்டர். டமாக்ஸிஃபென் மாதிரி மாத்திரைகளைக் குறைஞ்சது அஞ்சு வருஷம், சிலருக்குப் பத்து வருஷம் வரைகூடத் தினமும் போடச் சொல்வாங்க. ஒரு வருஷத்தில் உடம்பு தேறினதும், ‘எனக்குத்தான் நல்லாயிடுச்சே, எதுக்குப்பா தண்டச் செலவு’ன்னு அம்மாக்கள் நிறுத்திடுவாங்க. நிறுத்தினா சீட் காலியாகும். காலியான சீட்டில் ஈஸ்ட்ரோஜன் வந்து உட்காரும். மிச்சம் மீதி ஒளிஞ்சிருக்கிற செல் ஒண்ணு அதைக் கேட்டு எழுந்திருக்கலாம். இதைத் தமிழில் உட்கார்ந்து எடுத்துச் சொல்ல வேண்டிய ஆள் நீங்கதான். மாத்திரையால தொந்தரவு இருந்தா டாக்டரிடம் சொல்லி மாத்திக்கலாம். அவங்களா நிறுத்தக் கூடாது.

நம்ம பசங்களுக்கு சான்ஸ் இருக்கா?

நிறையவே! உலகத்தில் விற்பனையாகும் மருந்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ‘ஜி.பி.சி.ஆர்.’ என்ற ஒரே ரிசெப்டார் குடும்பத்தைக் குறிவைப்பவை. இந்தக் குடும்பத்தை ஆராய்ந்ததற்குத்தான் 2012-ல் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு.

இதே குடும்பத்தைக் கம்ப்யூட்டரில் அலசி உலகப் புகழ் பெற்றவர் மதன் பாபு. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பயோடெக்னாலஜி படித்து, கேம்பிரிட்ஜுக்குப் போனவர். பிறகு அமெரிக்காவின் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஆராய்ச்சியாளராகச் சென்றார். ஒரே மாத்திரை ஒருவருக்குக் கேட்கிறது, இன்னொருவருக்குக் கேட்பதில்லையே, ஏன்? ரிசெப்டாரின் ஜீனில் ஆளுக்கு ஆள் இருக்கும் சின்னச் சின்ன வித்தியாசமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று 2018-ல் அவர் குழு காட்டியது. ஜுவாலஜியோ, ஃபார்மஸியோ, கம்ப்யூட்டர் சயின்ஸோ, நீங்க எந்த டிபார்ட்மென்ட்டாக இருந்தாலும் இந்தக் கதவு திறந்துதான் இருக்கு.

வலிக்காத மிளகு!

ஊரைச் சுத்தியாச்சு. பஸ் ஏறும் முன்னாடி ஒரே ஒரு விஷயம்.

ஒரு மிளகால் நமக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆனா அதைக் கடிச்சா உடம்பே அலறுது. ஏன்னா, அதைப் பிடிக்க நம்மகிட்ட ரிசெப்டார் இருக்கு. ஆரம்பக் கட்டத்து மார்பகக் கட்டி உயிருக்கே உலை. ஆனா அது பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது. வலி நரம்பைத் தட்டாமல், சத்தமில்லாமல் வளரும். அதனால்தான் நம்மூர் அம்மாக்கள், “வலி ஒண்ணும் இல்லையே, பார்த்துக்கலாம்”னு தறி வேலை முடியட்டும், பண்டிகை போகட்டும், பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு தள்ளிப் போட்டுட்டு, கட்டி முற்றின பிறகு காரப்பேட்டைக்கு வர்றாங்க.

வலிதான் சிக்னல்னு நினைச்சுக் காத்திருக்கிறது, மிளகாய் உறைக்கும்னு கிளி காத்திருக்கிற மாதிரி. வரவே வராது!

உடம்புக்கு அந்த ரிசெப்டார் இல்லைன்னா என்ன... வீட்டுக்கு ஒண்ணு இருக்கட்டும். இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது அம்மாகிட்ட, அக்காகிட்ட, கூச்சப்படாம ஒரு வார்த்தை கேளுங்க. “மார்புல கட்டி, தோல் சுருக்கம், காம்புல கசிவுன்னு ஏதாவது மாற்றம் தெரியுதா? வலிக்கலைன்னாலும் சொல்லும்மா, நானே கூட்டிட்டுப் போறேன்.”

அம்மா முதல்ல திட்டுவாங்க. பரவாயில்லை. சிக்னல் போய்ச் சேர்ந்துடும்!